பூபதி கீழே இறங்கி வரணும்

அக்கா, ஒரு நிமிஷம். நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துடுச்சு. ஒட்டுக் கேக்கலைக்கா, சத்தியமா. "இட்லிப்பொடி தீர்ந்துபோச்சும்மா, யாராவது வந்தாக் குடுத்துவிடு"ன்னு சொன்னீங்கல்ல, எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. இந்த மலையில, இந்த மழையில, வேன் நிறைய வேற வேற பாஷைக்காரங்க உட்கார்ந்திருக்க, நடுவுல தமிழ். அந்த மாரியாத்தாளே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. இந்த சீட்டுல உட்காரலாங்களா? பையை மடியில வெச்சுக்கறேன். இடிக்காது.

உங்களுக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியுமில்ல? டிரைவர்கிட்டப் பேசினீங்களே, பார்த்தேன். மே ஹாங் சோன்ல டீச்சரா? கோவில்பட்டியா சொந்த ஊரு? நான் கொடுமுடிப் பக்கம்க்கா. மகுடேசன். எங்க ஊர்ச் சாமி பேருதான்.

அக்கா, நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். இந்த ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம் போனா ஒரு கிளைப்பாதை மேல பிரியும். அதுல ஏறினா கரேன்னு சொல்ற மலை மக்கள் இருக்கற ஒரு சின்ன ஊர். என் சிநேகிதன் அங்க இருக்கான். பூபதி. கீழே வரமாட்டேங்கறான். நாளைக்குச் சாயங்காலம் பாங்காக்ல பிளைட். இன்னிக்குச் சாயங்காலம் சியாங் மாய்ல ரயிலைப் பிடிச்சாத்தான் அதுக்குப் போய்ச் சேர முடியும். அவன் வரலைன்னா நானும் போக முடியாது. அவனை விட்டுட்டு நான் மட்டும் போய் இறங்கினா அவங்கப்பா முகத்துல எப்படிக்கா முழிக்கறது?

நீங்க டீச்சர். உங்க கிளாஸ்ல கரேன் பிள்ளைங்க இருப்பாங்க. அவங்க சாங்கியமெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மேல வந்து அந்தப் பெரியவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னாப் போதும். காப்பை அவுத்துவிடச் சொல்லி.

எந்தக் காப்பா? இருங்க, முதல்ல இருந்தே சொல்றேன். நான் இப்படித்தான், பதட்டத்துல நடுவுல ஆரம்பிச்சுடுவேன்.

பூபதியும் நானும் ஒரே காலேஜு, ஒரே கம்பெனி, கோயமுத்தூர்ல ஒரே ரூமு. எங்க ரெண்டு பேர் வீட்லயும் நாங்கதான் முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவங்க. அவங்கப்பா கருப்பண்ணன், லாரி ஓட்டறார். எனக்கு மாமா முறை. வருஷத்துல பாதி நாள் நாக்பூரு, ஜெய்ப்பூருன்னு ரோட்டுலதான் இருப்பார். எங்கப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்கறார். பூபதி என்னைவிட நல்லாப் படிச்சவன்க்கா. அதை நான் எங்க வேணும்னாலும் ஒத்துக்குவேன். ஆனா கம்பெனியில ஆளைக் குறைச்சப்போ அவனை எடுத்துட்டாங்க, என்னை விட்டுட்டாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லலை.

வீட்டுல சொல்லமாட்டேன்னுட்டான். தினமும் காலையில குளிச்சுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு என்கூடவே கிளம்புவான். நான் ஆபீஸ் போவேன். அவன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா ரூமுக்குத் திரும்புவோம். ராத்திரி அவங்கம்மா போன் பண்ணினா, "இன்னிக்கு வேலை ஜாஸ்திம்மா"ன்னு சொல்லுவான். நான் பக்கத்துல படுத்துக் கேட்டுட்டு இருப்பேன். பொய்ன்னாலே எனக்கு ஆகாது.

ஆள் இளைக்க ஆரம்பிச்சான். பேச்சும் நின்னுபோச்சு. அதனாலதான் நான் இந்தப் பயணத்தை ஏற்பாடு பண்ணினேன். முதுகுல ஒரு பை, மலிவான தங்குமிடம், தாய்லாந்துல வடக்கு வரைக்கும் சுத்திட்டு வந்தா மனசு மாறும்னு. எல்லாம் நானே பார்த்துப் பார்த்துப் பண்ணினேன். எந்த ரயிலு, எந்த ரூமு, எந்த இடத்துல எவ்வளவு நேரம், எல்லாம். ரெண்டு பாஸ்போர்ட்டும் என் இடுப்புப் பையிலதான் இருக்கு. அவன் தொலைச்சுடுவான்னு.

பாங்காக்ல நல்லாத்தான் இருந்தான். ஒரே அறையில அடுக்குக் கட்டிலு, நாலா திசையிலும் குறட்டை. நான் பருப்புப்பொடி, தக்காளித் தொக்கெல்லாம் கொண்டுபோயிருந்தேன். கடையில வெறும் சோறு வாங்கிப் பிசைஞ்சுக்கறது. எதுல எந்தக் கறி கலந்திருக்குமோன்னு எனக்குப் பயம். அவன் தெருவோரத்துல குச்சியில சொருகி வெச்சிருக்கறதையெல்லாம் வாங்கித் தின்னான். "டேய், அது என்னன்னு கேட்டியாடா?"ன்னேன். "கேட்டேன் மகுடு. செத்துப்போச்சு, பதில் சொல்லலை"ங்கறான். நெடுநாளைக்கு அப்புறம் அவன் அடிச்ச நக்கல். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அயுத்தயாவுல தலையில்லாத புத்தர் சிலை வரிசை வரிசையா இருக்குமே, அங்க ஒரு சிலை முன்னால உட்கார்ந்துட்டான். எழுந்திருக்கவே இல்லை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இழுக்கலைன்னா அவன் இன்னும் அங்கயேதான் இருந்திருப்பான்க்கா. அவனுக்கு யாராவது ஒருத்தர் பக்கத்துல இருந்துட்டே இருக்கணும்.

அவன் மனசு நோக நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. அதை நீங்க நம்பணும். சும்மா இருக்கற நேரத்துல இண்டர்வியூவுக்குத் தயார் பண்ணிவிட்டேன், அவ்வளவுதான். ஊருக்குப் போனதும் உதவுமில்ல? காட்டுக்குள்ள சேத்துல ஏறிட்டு இருக்கறப்போ கூட விடலை. "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு நானே ஆபீசர் மாதிரி கேட்டேன். அதுதானே முதல் கேள்வி. அவன் நின்னு, காலைக் காட்டி, "சார், என் பேரு பூபதி. இப்ப என் காலை அட்டை உறிஞ்சிட்டு இருக்கு. அதைக்கூடத் தாங்கிக்குவேன், அது என் பலம். என் பலவீனம் பின்னாலயே கேள்வி கேட்டுட்டு வருது"ன்னான். நானும் சிரிச்சேன். அப்புறம் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

இல்லைக்கா, அதுக்கெல்லாம் அவன் கோவிச்சுக்கமாட்டான்.

சியாங் மாய்ல இருந்தப்போ கருப்பண்ண மாமா எனக்குப் போன் பண்ணினார். லாரியை எங்கயோ ஓரங்கட்டிட்டுப் பேசறார், பின்னால ஹாரன் சத்தம். "ஏப்பா மகுடேசு, இத்தன நாளு லீவு குடுத்துட்டாங்களா உங்க ஆபீஸ்ல?"ன்னார். கேட்டுட்டார்க்கா. நேருக்கு நேரா கேட்டுட்டார். எனக்குப் பொய் வராது. சொல்லிட்டேன். வேலை போனது, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தது, எல்லாத்தையும். பாதியை மட்டும் சொன்னா அதுவும் பொய்தானே?

மாமா முழுசாக் கேட்டார். அப்புறம், "நீ கூட்டிட்டுப் போனே. நீயே பத்திரமாக் கூட்டிட்டு வந்துரு சாமி"ன்னார். அதோட வெச்சுட்டார். அந்த வார்த்தைதான்க்கா இப்ப என்னை இப்படி அலைய விடுது. வேற ஒண்ணுமே சொல்லலை பாருங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லை.

பூபதிகிட்ட உடனே சொல்லலை. நேரம் பார்த்துச் சொல்லிக்கலாம்னு. அதுக்குள்ள பாய்ங்கற ஊருக்கு வந்துட்டோம், அங்க வெச்சு மாமாவே அவனைக் கூப்பிட்டுட்டார். வெளியில போய்ப் பேசிட்டு வந்து உட்கார்ந்தான். "என்னடா சொன்னார்?"ன்னேன். "சாப்பிட்டியான்னு கேட்டார்"ன்னான். அவ்வளவுதான்க்கா! ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. நான் பயந்த அளவுக்கு ஒண்ணுமே நடக்கலை. பாரம் இறங்கின மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அதுக்கப்புறம் என்கிட்ட அவன் அதிகமாப் பேசலை. அது பயணக் களைப்பு.

மறுநாள் அந்த மலையூருக்குப் போனோம். ஒரு வீட்டுல தங்க ஏற்பாடு பண்ணியிருந்தேன். வீட்டுக்காரர் பிக்கப் வண்டி வெச்சிருக்கார், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். நாங்க போன அன்னிக்கு அவங்களுக்கு ஏதோ விசேஷம். தட்டுல சோத்து உருண்டை, வாழைப்பழம், கரும்பு, பூவு, வெள்ளை நூலு. வயசான அம்மா ஒருத்தங்க மர அகப்பையால தட்டோட விளிம்பைத் தட்டித் தட்டி யாரையோ கூப்பிடறாங்க. வா வான்னு கூப்பிடற மாதிரியேதான் இருந்துச்சு. அப்புறம் எல்லார் மணிக்கட்டுலயும் நூல் கட்டறாங்க.

பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆடி மாசம், அம்மா கையில நூலு, வேற என்னவா இருக்கும்? காப்பு! எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிட்டா, நோம்பி முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்க சித்தப்பா ஒருத்தர் மீறிப் போய், பவானி பஸ்ஸுல கால் முறிஞ்சு வந்தார். நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். பூபதி காதுல, "டேய், கையை நீட்டிடாதே. கட்டிட்டா எல்லை தாண்டக் கூடாது, நமக்கு ரயில் இருக்கு"ன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துட்டு ரெண்டு கையையும் நீட்டிட்டான்.

அந்தம்மா கட்டினாங்க. அவங்க மகள் கட்டினாங்க. வீட்டுக்காரர் கட்டினார். ஒவ்வொருத்தரா வந்து ஆளுக்கொரு நூல், ஒவ்வொரு நூலுக்கும் வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கிட்டே. அவன் கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது. உள்ளே அடுப்புப் புகை.

மறுநாள் காலையில பையைக் கட்டி வெச்சுட்டு, "கிளம்பலாம்டா"ன்னா, "காப்புக் கட்டியிருக்கே மகுடு, எப்படி வர்றது?"ன்னான்.

"எப்போ அவுப்பாங்க?"

"தெரியலையே. நீதானே சொன்னே எல்லை தாண்டக் கூடாதுன்னு."

சாமி விஷயம். நானே சொல்லிட்டு நானே மீறச் சொல்றதா? சரி, நாளைக்கு, நாளன்னிக்குன்னு பார்த்தேன். வழியில பார்க்க வேண்டிய ஊர் ஒவ்வொண்ணா விட்டுப்போச்சு. அவன் பாட்டுக்கு அவங்ககூட மலைச்சரிவுல நெல்லுக்குக் களை எடுக்கப் போறான். பி.ஈ. படிச்சவன்க்கா! மழையில நனைஞ்சுட்டுக் களை எடுக்கறான். சாயங்காலம் வந்து அவங்க குடுக்கற மிளகாச் சாந்தைச் சோத்துல தொட்டுத் தின்னுட்டுத் தூங்கறான். நல்லாத் தூங்கறான், அதையும் சொல்லணும். கோயமுத்தூர்ல அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு இங்க என்னடா இருக்கு?"ன்னு ஒருநாள் கத்திட்டேன். அதுக்கு அவன், "இங்க யாரும் நான் என்ன வேலை பாக்கறேன்னு கேக்கலை மகுடு"ங்கறான். அவங்களுக்குப் பாஷை தெரியாது, எப்படிக்கா கேப்பாங்க? இதைக்கூட யோசிக்கற நிலைமையில அவன் இல்லை. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

ஒரு மதியம் அவன் படுத்திருந்தான். நகவெட்டியை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும், சித்தப்பா மாதிரி என் கால் முறியட்டும், அவன் வீடு போய்ச் சேர்ந்தாப் போதும்னு வேண்டிக்கிட்டுத்தான் நூல்ல வெச்சேன். முழிச்சுட்டான். அடிக்கலை, திட்டலை. என் கையையே பார்த்தான். எழுந்து களைக்கொத்தை எடுத்துட்டுக் காட்டுக்குப் போயிட்டான். அன்னியில இருந்து எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரர்கிட்டப் பேசறான், அந்த அம்மாகிட்டச் சைகையில பேசறான், கோழிகிட்டக்கூடத் தமிழ்ல பேசறான். என்னைப் பார்த்தா வாய் மூடிக்குது.

நேத்து வேற வழியில்லாம பாய் ஊருக்கு இறங்கிப் போய்ப் போலீஸ்ல சொன்னேன். அந்தப் போலீஸ்காரம்மா பொறுமையாக் கேட்டாங்க. உடம்பு சரியில்லையா? இல்லை. யாராவது கட்டாயப்படுத்தி வெச்சிருக்காங்களா? இல்லைங்க, நூல்தான். இங்க இருக்க அனுமதி முடிஞ்சுடுச்சா? இல்லை, இன்னும் இருக்கு. பாஸ்போர்ட் இருக்கா? இருக்கு, என்கிட்டத்தான் இருக்குன்னு பையைத் தட்டிக் காட்டினேன். அதுக்கப்புறம் அவங்க என்னையே ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. "அவர் பாஸ்போர்ட்டை முதல்ல அவர்கிட்டக் குடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. போன காரியம் என்ன, அவங்க சொன்ன தீர்ப்பு என்ன!

குடுக்கத்தான் போறேன். ஏர்போர்ட்ல.

என்னக்கா சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க. அது காப்பே இல்லையா?

உசிரைக் கூப்பிடறதா? மனுஷன் அலைஞ்சு திரியறப்போ அவன் உசிரு பயந்து வழியில எங்கயாவது நின்னுடும், அதைக் கூப்பிட்டுத் திரும்ப உடம்போட சேர்த்துக் கட்டறதா? அப்போ எல்லை தாண்டலாமா? எங்க வேணும்னாலும் போகலாமா? அதுக்குத்தான் கட்டறதேயா!

ஐயோ அக்கா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். இது போதும். இதையே அவன்கிட்டச் சொல்லுங்க. இவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னத் தப்பு, நான் எங்க ஊர்க் கணக்கை இங்க போட்டுட்டேன், அவன் அதைப் பிடிச்சுக்கிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கான். நீங்க சொன்னா நம்புவான். மேல வர நேரமில்லைன்னாப் போன்லயாவது சொல்லுங்க. வீட்டுக்குப் பின்னால மேட்டுல சிக்னல் வரும். என் நம்பரைப் பார்த்தா எடுக்கமாட்டான், ரிங் போய்ப் போய் நின்னுடும். உங்க நம்பர் இந்த ஊர் நம்பர். எடுப்பான்.

ரிங் போகுதா?

எடுத்துட்டானா? நூலைப் பத்திச் சொல்லுங்க. முதல்ல நூலைப் பத்தி... சரி, சரி, நான் பேசலை.

சாப்பிட்டியான்னு எதுக்குக்கா கேக்கறீங்க, அவன் நல்லாத்தான் சாப்பிடறான். சரி. பேசலை.

என்னக்கா சிரிச்சீங்க? என்ன சொன்னான்? என்னைப் பத்தியா?

எங்கிட்டக் கொஞ்சம் குடுங்களேன். ஒரே வார்த்தை. வேண்டாங்கறானா? ... இல்லை, பரவால்லை. நீங்களே பேசுங்க.

வெச்சுட்டானா? ரொம்ப நேரம் பேசினான். என்கூட இத்தனை நாள்ல இவ்வளவு பேசினதில்லை. சொல்லுங்கக்கா, வர்றானா?

வர்றானா! இன்னிக்கேவா! மத்தியானம் வீட்டுக்காரர் வண்டியில இறங்கறானா! ஆத்தா, நீ இருக்கே. கண்ணுல தண்ணி வருதுக்கா, பாருங்க. நூலைப் பத்திச் சொன்னதும் ஒத்துக்கிட்டானா?

தெரியுமா? என்ன தெரியும்?

கட்டின அன்னிக்கே வீட்டுக்காரர் சொல்லிட்டாரா. அப்போ முதல் நாளே தெரியும். தெரிஞ்சுக்கிட்டா எங்கிட்டக் காப்பு, காப்புன்னு...

இல்லை. வேண்டாம்க்கா. ஏன்னு சொல்ல வேண்டாம். வர்றான்ல, அது போதும்.

ஒரே ஒரு நிபந்தனையா? சொல்லுங்க. என்ன வேணும்னாலும் பண்றேன்.

நான் மேல வரக்கூடாது. சரி. பிரியற ரோட்டுலயும் நிக்கக்கூடாதா. அடுத்து வண்டி நிக்கற இடத்துல நான் இறங்கி, எதிர்ல வர்ற வேன்ல திரும்பிப் போயிடணும். அவன் பாஸ்போர்ட்டை உங்ககிட்டக் குடுக்கணும், நீங்க பிரியற ரோட்டுக் கடையில குடுத்துடுவீங்க. அவன் தனியா வருவான். தனியா ரயில் ஏறுவான். ஏர்போர்ட்ல பார்க்கலாம்னு சொன்னானா. வழியில நான் கண்ணுல பட்டா திரும்ப மேலயே போயிடுவேன்னு சொன்னானா.

அப்படியேவா சொன்னான்? நீங்க எதையும் கூட்டிச் சொல்லலையே?

சரி. இந்தாங்க பாஸ்போர்ட்டு. பிடிங்கக்கா. மழையில நனையாம இந்தக் கவர்ல போட்டு வெச்சுக்கோங்க. படத்துல எவ்வளவு சின்னப் பையனா இருக்கான் பாருங்க. வேலைக்குச் சேர்ந்தப்போ எடுத்தது. ரெண்டு பேரும் ஒரே கடையில எடுத்தோம். என் சட்டைதான் அவன் போட்டிருக்கறது.

அவன் தனியா எங்கயும் போனதில்லைக்கா. பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் பாதி வழி போய் விட்டுட்டுத்தான் ஆபீஸ் போவேன்.

வண்டி நிக்குதே. இந்த இடம்தானா? டீக்கடை, கக்கூஸு... ஆமா, எதிர்ல ஒரு வேன் நிக்குது. பாய் ஊருக்குத்தானே? ஆள் குறைவாத்தான் இருக்கு. இடம் கிடைக்கும். நான் இறங்கிக்கறேன். ரொம்ப நன்றிக்கா. உங்களை மறக்கவேமாட்டேன். ஊருக்கு வந்தா கொடுமுடிக்கு வாங்க. இட்லிப்பொடி எங்கம்மாவை அரைச்சுத் தரச் சொல்றேன்.

பையைக் கொஞ்சம் பிடிங்க, ரெயின்கோட்டை மாட்டிக்கறேன். எங்க போச்சு... இதுலதான் வெச்சேன்.

அக்கா, ஒண்ணு கேக்கறேன். அவன் குரல் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா? சும்மா உங்களைச் சமாளிக்கறதுக்காக வர்றேன்னு சொல்லியிருக்கமாட்டானே? எங்கிட்ட இவ்வளவு நாள் பொய் சொல்லியிருக்கான், உங்ககிட்டச் சொல்லமாட்டானா? பாஸ்போர்ட்டும் கைக்குப் போயிடும். அப்புறம் மாமா கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஒரு டீச்சரக்கா வேன்ல போன் பண்ணினாங்க, அவங்களை நம்பி வந்துட்டேன்னா?

தெரியும். தெரியும்க்கா. வாக்குக் குடுத்துட்டேன்.

அந்த வேன் கிளம்புது. ஆமா, பார்த்துட்டுத்தான் இருக்கேன். கையைக் காட்டினா நிப்பாட்டுவான். போகட்டும், அடுத்தது வரும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா. நான் மேல போகமாட்டேன். கடையில உங்ககூட இறங்கி, பின்பக்கமா, அவன் கண்ணுக்குப் படாத இடமாப் பார்த்து நின்னுக்கறேன். அவன் வண்டியில ஏறி உட்கார்ந்துட்டானான்னு மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன். அவ்வளவுதான். அவனுக்குத் தெரியவே தெரியாது. நீங்க மட்டும் போன் போட்டு, நான் வந்திருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லிடாதீங்க.